மணி அடிக்காத இரண்டு நாள்

பினாங்கில் நான் வேலை பார்த்த இல்லத்துக்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. முகப்புப் பலகையில் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரிக்‌ஷாக்காரரிடம் "கிழவி வீடு" என்றால் போதும், வாசலில் இறக்கிவிடுவார். போக்கிடம் இல்லாத வயதான பெண்களுக்காக நகரத்துப் பெரிய மனிதர்கள் சிலர் கமிட்டி போட்டு நடத்திய இடம் அது. ஜப்பான்காரன் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முந்தி அங்கே நான் ஆயாவாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

ஆயா என்றால் இன்றைக்கும் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பிதுக்கட்டும். "பீ அள்ளுற வேலதானே?" என்று என் நாத்தனாரே முகத்துக்கு நேராகக் கேட்டாள். "ஆமா, ஒனக்கும் ஒருநா அள்ள ஆள் வேணும். அப்ப என்னையக் கூப்புடாத" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் நிறைய. ஒரே ஒரு தடவை அதனால் நல்லது நடந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாடியில் இருந்த நீளக் கூடம்தான் எங்கள் இடம். எழுந்து நடக்க முடியாத பதினெட்டுப் பேர் அங்கே படுத்திருந்தார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் கலந்துதான். பகலுக்கு மூன்று ஆயாக்கள், ஆளுக்கு ஆறு கட்டில். இரவுக்கு வேறு ஆட்கள் வருவார்கள். எந்த நம்பர் கட்டில் எந்த ஆயாவுடையது என்று எழுதிய அட்டை ஒன்று கதவில் தொங்கும். கூடத்தில் ஆயா உட்காரக் கூடாது என்பது விதி. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமாம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை நின்ற கால்தான். சோற்றைக்கூடக் குசினிக்குப் பின்பக்கம் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு ஓடிவருவோம். கார்பாலிக் சோப்பு தின்று தின்று எங்கள் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். குறை சொன்னால், அந்த இடத்துக்கு வரக் காத்திருந்தவர்கள் பலர். அதனால் நாங்கள் குறை சொன்னதில்லை.

மற்ற இரண்டு ஆயாக்களில் ஒருவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைப் போலக் கத்தோலிக்க வேதக்காரர், புருஷனை இழந்தவர், நாற்பதைத் தாண்டியவர். குசினியை ஒட்டிய சின்ன அறையில் தன் மகளோடு தங்கியிருந்தார். வேலை போனால் அந்த அறையும் போய்விடும். பெர்ரி ஏறி பாகான் டாலாமில் இருக்கும் தம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்தத் தம்பி பெண்டாட்டியின் குணத்தைப் பற்றி அக்கா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. திறக்காததிலேயே எங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இன்னொருவர் தமிழ் முஸ்லிம், அவர்கள் வழக்கில் அக்காவை ராத்தா என்பார்கள், அதனால் எங்கள் இருவருக்கும் ராத்தா. கையில் பலம், பேச்சில் குறும்பு. எங்களுக்கு மேலே இருந்தவர் பெரிய மிஸ்ஸி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து வந்த சட்டைக்காரப் பெண்மணி, வெள்ளைக்கார ரத்தம் கலந்தவர். மலாயும் தமிழும் கலந்து அவர் பேசுவது எங்களுக்கு நன்றாகவே விளங்கும். கஞ்சி போட்ட தொப்பி, கஞ்சி போட்ட முகம்.

படுத்தே கிடப்பவர்களுக்கு எமன் முதுகு வழியாகத்தான் வருவான். ஒரே பக்கம் கிடந்தால் தோல் சிவக்கும், சிவந்த இடம் கொப்பளிக்கும், கொப்பளம் உடைந்தால் குழி விழும். அதற்கு மருந்தைவிடப் பெரிய வைத்தியம், நேரம் தவறாமல் ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் உடம்பு துடைக்கும்போது புரட்டிவிடுவோம். நடுவில் ஒன்பது, பன்னிரண்டு, மூன்று. கூடத்தில் கடிகாரம் கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் கன்னியர் மடம். அங்கே ஜெபத்துக்கு அந்த நேரங்களில் மணி அடிப்பார்கள். அதுதான் எங்கள் கடிகாரம். மணி கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் புரட்டப் போவோம். ஒரு வருஷமாக எங்கள் கூடத்தில் ஒரு முதுகில்கூடப் புண் இல்லை. வாராவாரம் வரும் டாக்டர் அதைச் சொல்லி ஆச்சரியப்படுவார். பெரிய மிஸ்ஸி அதைக் கமிட்டிக்காரர்களிடம் சொல்வார். எங்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் எங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் சீனப் பெருநாள் சமயத்தில் அக்காவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏழாம் கட்டிலில் ஒரு சீனக் கிழவி இருந்தார். தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவர் வீட்டில் பிள்ளை வளர்த்தவர், வலப்பக்கம் விழுந்துபோனவர், நல்ல கனம். நாங்கள் அவரை மாக் என்போம், மலாயில் அம்மா. அவரை ஒற்றை ஆளாகப் புரட்டும்போது அக்காவின் இடுப்பில் ஏதோ சொடுக்கியது. அப்படியே கட்டில் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து ஒரு தலையணையைத் தூக்கினாலும் முகம் வெளுத்துப்போகும்.

இடுப்பு போன ஆயாவுக்குக் கிழவி வீட்டில் வேலை இல்லை. அதனால் மூன்று பேரும் சேர்ந்து பொய் சொல்ல ஆரம்பித்தோம். படுத்திருந்த ஒவ்வொருவரின் கீழும் ஒரு பழைய சாரோங் கைலியை மடித்து விரித்தோம். மணி அடித்ததும் நானும் ராத்தாவும் முதல் கட்டிலுக்கு ஓடுவோம். ஆளுக்கொரு பக்கம் சாரோங்கைச் சுருட்டிப் பிடிப்போம். அக்கா தலைமாட்டில் நின்று தலையைத் தாங்குவார். தூரத்திலிருந்து பார்த்தால் அவரும் தூக்குவது போல இருக்கும். "ஒண்ணு, ரெண்டு" என்று நான் எண்ணுவேன். மூன்றுக்குப் பதில் நான் "மாதாவே" என்பேன், ராத்தா "யா அல்லா" என்பார், ஆள் இலை மாதிரி புரண்டுவிடும். பிறகு அக்கா குனிந்து முதுகு, இடுப்பெலும்பு, குதிகால் எல்லாம் பார்ப்பார். அவர் கண்ணுக்கு ஒரு சிவப்பு தப்பாது. பார்த்துவிட்டு "சுத்தம்" என்பார். அந்தச் சொல் வந்தால்தான் அடுத்த கட்டிலுக்கு நகர்வோம்.

இப்படிச் செய்ததில் ஒரு வேடிக்கை. ஆளுக்கு ஆறு என்று தனித்தனியாகப் புரட்டியதைவிடப் பதினெட்டையும் சேர்ந்து புரட்டுவது சீக்கிரம் முடிந்தது. எங்கள் இடுப்பும் வலிக்கவில்லை. "பொய்யுல இவ்வளவு சொகம் இருக்குன்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்லியிருப்போம் லா" என்று ராத்தா சிரித்தார்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரம் வந்தது. வேதக்காரர்களுக்குத் தெரியும், பெரிய வியாழன் காலைப் பூசையில் மணிகளை நிறுத்தினால் சனிக்கிழமை உயிர்ப்புப் பூசை வரை எந்தக் கோயிலிலும் மணி வாய் திறக்காது. அந்தக் காலத்தில் உயிர்ப்புப் பூசை சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். நடுவில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் மடத்து மதிலைத் தாண்டாது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அக்காவுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை நானும் அவரும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். மடத்துப் பக்கம் நிலவிய அமைதியைக் கேட்டு, "ஆண்டவர் கல்லறையில இருக்காரு, பாரேன் எப்படி இருக்குன்னு" என்று அக்கா சொல்லக்கூடச் செய்தார். நானும் தலையாட்டினேன். மணி இல்லை என்று எங்கள் பக்திக்குத் தெரிந்தது, எங்கள் கைக்குத் தெரியவில்லை. எங்கள் கை மணிக்காகக் காத்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மடத்து மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. உயிர்ப்பு மணி. சந்தோஷமாகச் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன். கை நெற்றியோடு நின்றுவிட்டது. அந்தக் கோடியில் அக்கா என்னைப் பார்த்தார். ராத்தா எங்கள் இருவரையும் பார்த்தார். இரண்டு நாள் முழுக்க ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நாங்கள் ஒருவரையும் புரட்டவில்லை.

ஓடினோம். மற்றவர்கள் கொஞ்சமாவது தாங்களே அசைந்துகொள்பவர்கள், தப்பித்தார்கள். ஏழாம் கட்டில் மாக் மட்டும் மரக்கட்டை போலக் கிடப்பவர். புரட்டிப் பார்த்தபோது, காலை ஆறு மணி இருட்டில் துடைக்கையில் கண்ணில் படாதது தெரிந்தது: இடுப்புக்குக் கீழே உள்ளங்கையில் பாதி அளவு தோல் உரிந்து சிவந்திருந்தது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "சுத்தம்" என்ற சொல் வரவில்லை.

"ஒங்க மணிய நம்பி நான் கெட்டேன்" என்றார் ராத்தா. குரலில் சிரிப்பு இல்லை. "அது லீவு எடுக்கும்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

எனக்கு வந்த யோசனையை இன்றைக்குச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. "பவுடரப் போட்டு மூடிருவோம் அக்கா. இன்னைக்கு வர்ற டாக்டரு போனதும் பாத்துக்கலாம்" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "புண்ணுகிட்டப் பொய் செல்லாது தங்கச்சி. இன்னைக்கு மூடுனா அடுத்த வாரம் எலும்பு தெரியும்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு அவரே கீழே போய்ப் பெரிய மிஸ்ஸியிடம் சொன்னார்.

டாக்டர் வந்து மருந்து வைத்துக் கட்டினார். இனி மாக் முதுகு கீழே படவே கூடாது, இடப்பக்கமாகப் புரட்டிவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய மிஸ்ஸி கதவுக்குப் போய் அட்டையைப் பார்த்தார்.

"நம்பர் ஏழு யாரோடது?"

"என்னோடது மிஸ்ஸி" என்றார் அக்கா.

"ரெண்டு நாள் பகல்ல திருப்பல?"

"திருப்பல மிஸ்ஸி."

"திங்கக்கிழம வரைக்கும் இரு. அப்புறம் வேற இடம் பாரு."

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு ஏழாம் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நின்றார், இன்னும் வேலை இருக்கிறது என்பது போல. வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று பேரின் தவறு அக்காவின் தலையில் மட்டும் விழும், வேலை போகும். அட்டையில் எழுதியபடி நாங்கள் கட்டில்களைப் பிரித்துக்கொள்ளவில்லை என்று உண்மையைச் சொன்னால், ஏன் என்று கேட்பார். அக்காவுக்குத் தூக்க முடியாது என்று சொல்ல வேண்டிவரும். அப்படியும் வேலை போகும். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குளம். ராத்தா என் கையைக் கிள்ளினார். பேசாதே என்று கிள்ளினாரா, பேசு என்று கிள்ளினாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"மிஸ்ஸி, அட்டை பொய்" என்றேன்.

அவர் திரும்பினார்.

"ஏழு மூணு பேருக்கும் சொந்தம். பதினெட்டும் மூணு பேருக்கும் சொந்தம். மறந்தது மூணு பேரும். அக்காவுக்கு இடுப்புப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. மாக்கை ஒத்தையாப் பொரட்டித்தான் போச்சு. எங்க ரெண்டு பேருக்கும் நாளைக்கோ நாளன்னைக்கோ போவும். ஒத்தை ஆளு பொரட்ட முடியாது மிஸ்ஸி. முடியும்னா நீங்க பொரட்டிக் காட்டுங்க. டாக்டரு இடப்பக்கம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பெரிய மிஸ்ஸியிடம் அப்படிப் பேசிய ஆயா யாரும் அதுவரை கிடையாது. அவர் முகம் சிவந்தது. மணிக்கட்டில் மாட்டியிருந்த கஞ்சி போட்ட கை உறைகளைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். கட்டிலுக்குப் போய், ஆஸ்பத்திரியில் படித்தபடி ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்தார். இழுத்தார். மாக் அசையவில்லை. மறுபடியும் மூச்சைப் பிடித்து இழுத்தார். "சாக்கிட்! சாக்கிட் லா!" என்று மாக் வலியில் கத்தி, நல்ல கையால் அவர் தொப்பியைத் தட்டிவிட்டார். தொப்பி கட்டிலுக்கு அடியில் உருண்டது. பெரிய மிஸ்ஸி நிமிர்ந்தபோது ஒரு கை அவர் இடுப்பில் இருந்தது. அந்தக் கையை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"நீங்க செய்ங்க" என்றார்.

நானும் ராத்தாவும் சாரோங்கைச் சுருட்டிப் பிடித்தோம். அக்கா தலையைத் தாங்கினார். "ஒண்ணு" என்றேன். மாக்குக்கு எங்கள் வழக்கம் பழகிப்போயிருந்தது, அவரும் சேர்ந்து "சத்து" என்றார். "ரெண்டு" என்றேன், "டுவா" என்றார். "மாதாவே!" "யா அல்லா!" மாக் சத்தமில்லாமல் இடப்பக்கம் புரண்டு, தலையணையில் கன்னத்தை வைத்துக்கொண்டார். ஒரு முனகல்கூட இல்லை. அக்கா குனிந்து புண்ணைச் சுற்றிப் பார்த்தார், தோளைப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார். "வேற எடமெல்லாம் சுத்தம்" என்றார்.

பெரிய மிஸ்ஸி கீழே போனார். தொப்பியை ராத்தாதான் எடுத்துத் தட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஈஸ்டர் ஞாயிறு எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. அக்கா தன் தகரப்பெட்டியில் துணியை அடுக்கிவைத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பெரிய மிஸ்ஸி கமிட்டியிடம் போய் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதும் தெரியாது. திங்கட்கிழமை காலை மூன்று பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பொய் சொன்னீங்க. அதனால மூணு பேருக்கும் இந்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழம லீவு கிடையாது" என்றார் முதலில். பிறகு மேசையிலிருந்து அந்தக் கதவு அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். இனிமேல் கட்டிலுக்குக் கட்டில் ஆயா இல்லை, எல்லாக் கட்டிலையும் இரண்டு பேர் சேர்ந்துதான் புரட்ட வேண்டும், ஒற்றையாகத் தூக்கினால்தான் தண்டனை. கூடத்துக்குக் கடிகாரம் வரும். பெஞ்சு ஒன்று வரும். மதியம் அரைமணி நேரம் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"நீ தூக்கக் கூடாது. டாக்டர் உன் இடுப்பப் பாப்பாரு. நேரம் பாக்குறது உன் வேல. முதுகு பாக்குறதும் உன் வேல. பொலே, முடியும்ல?"

அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "பொலே மிஸ்ஸி, பொலே" என்று ராத்தா அவருக்காகச் சொன்னார்.

அந்தப் பெஞ்சில் முதல் தடவை உட்கார்ந்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை உட்காருவது போல நுனியில் உட்கார்ந்தேன். கடிகாரம் பார்க்க அக்காவுக்குத் தெரியாது. ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். மணி அடிக்கக் குசினியிலிருந்து ஒரு எனாமல் மங்குக் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துவைத்துக்கொண்டார். மாக்கின் புண் ஆறப் பல வாரம் ஆனது. தினம் அதைக் கழுவிக் கட்டியது அக்காதான், வேறு யார் கையையும் படவிடவில்லை. நகரத்தில் வேறு இடங்களிலிருந்து ஆயாக்களை அனுப்பி, கிழவி வீட்டில் எப்படிப் புரட்டுகிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னார்கள். நாங்கள் செய்து காட்டினோம். கர்வம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த பெரிய வெள்ளி வந்தது. மடத்து மணி முந்தின நாளே வாய் மூடிவிட்டது. பிற்பகல் மூன்று மணி, ஆண்டவர் உயிர்விட்ட நேரம், மதிலுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். ஓர் இலை விழுந்தாலும் கேட்டிருக்கும். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். கரண்டியை எடுத்து மங்கில் ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

நாங்கள் ஐந்தாம் கட்டிலில் இருந்தபோது கீழே சத்தம் கேட்டது. மடத்தில் வாசல் காக்கும் அம்மா மூச்சிரைக்க வந்திருந்தார். "இன்னைக்குப் போயி மணி அடிக்கிறாங்களே, இதென்னா வேதமில்லாத வீடா? அந்தப் பொம்பளைய நிறுத்தச் சொல்லுங்க மிஸ்ஸி" என்றார்.

பெரிய மிஸ்ஸி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். "உங்க மணி ரெண்டு நாள் சும்மா இருக்கலாம்" என்றார். "எங்க மணிக்கு லீவு இல்ல. அவங்க அடிப்பாங்க." அக்காவை அவர் "அவங்க" என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அக்காவும் கேட்டார். ஆனால் எங்கள் பக்கம் திரும்பி, "என்ன வேடிக்க? இன்னும் பதிமூணு பாக்கி இருக்கு" என்று அதட்டினார். ஆறாம் கட்டிலை முடித்து ஏழுக்கு வந்தோம். நான் எண்ணினேன், மாக்கும் எண்ணினார், புரண்டார். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். பழைய புண்ணின் தழும்பு வெளுத்துக் காய்ந்திருந்தது. அதைச் சுற்றி விரலால் தடவினார். வழக்கத்தைவிட நேரமாகப் பார்த்தார். ராத்தாவும் நானும் சாரோங்கைப் பிடித்தபடியே நின்றோம்.

"சுத்தம்" என்றார் அக்கா. நாங்கள் எட்டாம் கட்டிலுக்குப் போனோம்.